டேங்குக்கு அடியில் இருக்கிற திருகு

வீட்டுக் கம்ப்ரசர் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, காவேரிப்பட்டணம் பக்கம் முப்பத்தோரு வருடமாக டயர் கடையும் கம்ப்ரசர் சர்வீஸும் நடத்துகிறவர் பதில் சொல்கிறார்.

எங்கள் பக்கத்தில் கம்ப்ரசர் என்றால் பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது டிராக்டர் கம்ப்ரசர்தான். கிணறு வெட்ட வரும். பாறையில் ஜாக்ஹேமர் வைத்துக் குழி போடுவார்கள். அந்தச் சத்தம் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். அப்புறம் பஞ்சர் கடைக் கம்ப்ரசர், போர் போட்ட பிறகு காற்று விட்டுத் தண்ணீர் எடுக்கும் கம்ப்ரசர் என்று வந்தன. இப்போது ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னதாகி, வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. வாங்கியவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் என் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் ஆசிரியர் கேட்டதும் எழுத ஒப்புக்கொண்டேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வீட்டில் ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், பையனின் சைக்கிள். கணவர் வாரத்துக்கு ஒருமுறைதான் பெங்களூரிலிருந்து வருவார். ஒவ்வொரு முறையும் காற்றுக்காகப் பெட்ரோல் பங்கில் காத்து நிற்க முடியவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ள எது வாங்கலாம் அண்ணா?
– பாலக்கோடு வாசகி

உங்களுக்கு டேங்க் வைத்த கம்ப்ரசர் வேண்டாம் தங்கச்சி. கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். உங்கள் வேலைக்கு டயர் இன்ஃப்ளேட்டர் என்று சொல்கிற சின்ன மெஷினே போதும். அதில் இரண்டு ஜாதி. ஒன்று காரில் சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகுகிற 12 வோல்ட் மெஷின். இன்னொன்று மொபைல் மாதிரி சார்ஜ் ஏற்றிக்கொள்கிற பேட்டரி மெஷின்.

ஸ்கூட்டருக்கும் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் வேண்டும் என்பதால் நான் பேட்டரி மெஷினைச் சொல்வேன். காரிலிருந்து ஒயர் இழுக்க வேண்டியதில்லை. எத்தனை வேண்டும் என்று எண்ணை வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் தானே நிற்கிற மாதிரி வாங்குங்கள். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சைக்கிள் டியூப் சின்னது, கவனிக்காமல் விட்டால் நொடியில் ஏறிவிடும்.

பேட்டரி மெஷினைக் காரில் போட்டு வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் வெயிலில் நிற்கிற கார் அடுப்பு மாதிரி ஆகிவிடும், லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. வீட்டுக்குள் வையுங்கள். பயன்படுத்தாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். அவசரத்துக்கு எடுக்கும்போது செத்துக் கிடந்தால் வாங்கியே பிரயோஜனம் இல்லை.

12 வோல்ட் வாங்கினால் கார் இன்ஜினை ஓடவிட்டுத்தான் போட வேண்டும். கதவு மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், வாசலில் நிறுத்திப் போடுங்கள். அந்த மெஷின் பத்து, பதினைந்து ஆம்பியர் இழுக்கும். இன்ஜின் ஓடாவிட்டால் கார் பேட்டரியைத் தின்றுவிடும். சில மெஷின் இன்னும் அதிகமாக இழுத்து அந்தத் துவாரத்தின் ஃபியூஸே போய்விடுகிறது. வாங்கும் முன் அட்டைப் பெட்டியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, உங்கள் காரின் ஃபியூஸோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு ஜாதிக்குமே மூச்சு வாங்க நேரம் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடினால் அதே அளவு நிறுத்தி வையுங்கள். ஹோஸ் முனையில் இருக்கும் பித்தளை நட்டு நன்றாகச் சுடும். வெறும் விரலால் கழற்றாமல் ஒரு துணியை வைத்துக் கழற்றுங்கள்.

எவ்வளவு வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ளதுதான் கணக்கு. பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 30-லிருந்து 35 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். பி.எஸ்.ஐ. என்பது காற்றின் அழுத்தத்தை அளக்கிற அளவு, பேச்சில் 'பாயிண்ட்' என்போம். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து வைக்காதீர்கள். அந்த டயர் அதிகபட்சம் தாங்கும் அழுத்தம் அது. உங்கள் கார் கேட்பது வேறு. 44 என்று இருந்ததைப் பார்த்து 44 வைத்துக்கொண்டு வந்தவர்களை என் கடையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் டயர் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தது. ஸ்கூட்டருக்கு முன்னால் குறைவு, பின்னால் அதிகம். எண் வண்டியின் புத்தகத்தில் இருக்கும், ஸ்கூட்டரிலேயே ஒட்டியும் இருக்கும்.

டிராக்டர், டிரெய்லர், இரண்டு பைக் இருக்கின்றன. ரேடியேட்டர், ஏர் ஃபில்டர் ஊதவும் வேண்டும். 1 எச்.பி.யா, 2 எச்.பி.யா? டேங்க் 24 லிட்டரா, 50 லிட்டரா? ஆயில் போட்டதா, ஆயில் இல்லாததா?
– ஊத்தங்கரை பக்கத்து விவசாயி

உங்களுக்குத்தான் டேங்க் வைத்த கம்ப்ரசர் தேவை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்.

எல்லோரும் கடைக்குப் போய் எத்தனை எச்.பி., எத்தனை பி.எஸ்.ஐ. என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு காற்று தரும் என்று. அதை சி.எஃப்.எம். என்று எழுதியிருப்பார்கள், ஒரு சி.எஃப்.எம். என்றால் நிமிடத்துக்கு சுமார் 28 லிட்டர். அழுத்தம் ஏறக்குறைய எல்லா மெஷினிலும் ஒரே மாதிரிதான், 8 பார், அதாவது 116 பி.எஸ்.ஐ. வரைக்கும் போய் நிற்கும். காற்றின் அளவில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். பெட்டி மேலே போட்டிருக்கும் சி.எஃப்.எம். பல சமயம் பிஸ்டன் இழுக்கிற அளவு. ஹோஸ் வழியாக நிஜமாக வெளியே வருவது அதில் கால் பங்குக்கு மேல் குறையும். நல்ல மெஷினாக இருந்தால் ஒரு எச்.பி.க்கு மூன்று, நான்கு சி.எஃப்.எம். கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு 2 எச்.பி., 50 லிட்டர். ஏன் என்று சொல்கிறேன். 24 லிட்டர் டேங்கை 8 பார் ஏற்றினால் அதற்குள் வெளிக்காற்றுக் கணக்கில் சுமார் 190 லிட்டர் காற்று இருக்கும். ஒரு கார் டயரை 20-லிருந்து 32-க்கு ஏற்ற 25 லிட்டர் போல வேண்டும். ஆகவே மோட்டாரைப் போடாமல் டேங்கில் இருப்பதை வைத்தே நாலு டயருக்கும் காற்றுப் பிடித்துவிடலாம். ஆனால் உங்கள் டிராக்டரின் பின் டயர் ஒன்றே 200 லிட்டர் கொள்ளும். பஞ்சர் ஒட்டி முழுசாக ஏற்ற வேண்டுமானால் 24 லிட்டர் டேங்க் முதல் மூச்சிலேயே காலியாகிவிடும், மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். டிராக்டர் டயருக்கு அழுத்தம் குறைவாகத்தான் தேவை, காற்றின் அளவுதான் அதிகம். டிரெய்லர் டயருக்கு அதைவிடப் பல மடங்கு அழுத்தம் தேவைப்படும். இரண்டையும் ஒரே மெஷின் செய்ய வேண்டும் என்றால் பெரிய டேங்க் இருந்தால்தான் நிம்மதி. சக்கரம் வைத்ததாக வாங்கினால் களத்துக்கும் இழுத்துக்கொண்டு போகலாம்.

ஆயில் போட்டதா, இல்லாததா என்றால், தினமும் ஓடப்போகிறது என்றால் ஆயில் போட்டது. நீண்ட நாள் உழைக்கும், ரிங் தேய்ந்தால் மாற்றலாம். வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது, டிக்கியில் போட்டு இங்கும் அங்கும் கொண்டுபோவது என்றால் ஆயில் இல்லாதது. ஆயில் மெஷினைப் படுக்க வைத்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து உடனே சுவிட்ச் போட்டால் சிலிண்டர் தலைக்குள் ஆயில் ஏறிப் புகையும். நிமிர்த்தி வைத்து, ஆயில் இறங்க நேரம் கொடுத்து, ஆயில் அளவு காட்டும் கண்ணாடியில் சிவப்பு வட்டத்தின் நடுவுக்கு ஆயில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள். கம்ப்ரசர் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். வண்டிக்கு ஊற்றுகிற இன்ஜின் ஆயிலை ஊற்றினால் வால்வுத் தகட்டில் கரி பிடிக்கும், காற்றில் வரும் தண்ணீரும் ஆயிலோடு கலந்து மோர் மாதிரி வெள்ளையாகிவிடும்.

ரேடியேட்டரை எப்போதும் இன்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்து ஊதுங்கள். புழுதி வந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டும். ஏர் ஃபில்டரையும் உள்ளிருந்து வெளியேதான் ஊத வேண்டும், வெளியே வரும் அழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டரைத் திருகி 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். 100-ல் ஊதினால் காகிதம் கிழியும். கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அறுவடை சமயத்தில் புழுதி முழுக்க இன்ஜினுக்குள் போகும். ஒரு ஃபில்டரைச் சுத்தம் செய்யப் போய் இன்ஜினைப் பிரிக்க வைத்த விவசாயிகளைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறேன்.

எங்கள் போரில் தண்ணீர் 300 அடிக்குக் கீழே போய்விட்டது. வீட்டில் 2 எச்.பி. கம்ப்ரசர் சும்மா கிடக்கிறது. அதை வைத்து போரிலிருந்து தண்ணீர் எடுக்க முடியுமா?
– பென்னாகரம்

முடியாது தம்பி, முயற்சி செய்யவும் வேண்டாம். போர் கம்ப்ரசர் வேலை செய்வது எப்படி என்றால், காற்றுக் குழாயைத் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கி அடியில் காற்றை விடுவார்கள். தண்ணீரும் குமிழியும் கலந்து எடை குறைந்து, சுற்றியிருக்கும் தண்ணீர் அதை மேலே தள்ளும். இதற்குத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குழாய் நிறைய முழுகியிருக்க வேண்டும்.

முழுகியிருக்கிற ஒவ்வொரு 100 அடிக்கும் 43 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுத்தால்தான் முதல் குமிழியே வெளியே வரும். உங்களுக்குத் தண்ணீர் 300 அடியில். குழாயை 600 அடிக்கு இறக்கினால் 300 அடி முழுகும். 300 அடிக்கு 130 பி.எஸ்.ஐ. வேண்டும். உங்கள் மெஷின் 116-ல் தானே நின்றுவிடும். ஒரு குமிழிகூட வராது. போருக்கென்றே விற்கிற கம்ப்ரசர் பெரும்பாலும் இரண்டு ஸ்டேஜ், அதாவது காற்றை இரண்டு கட்டமாக நெருக்கும், அழுத்தமும் அதிகம், காற்றின் அளவும் பல மடங்கு. அதுவே சப்மெர்சிபிளைவிடக் கரண்டை அதிகம் தின்னும். போரில் தண்ணீர் ஊறுவது குறைவு, மணல் வருகிறது என்கிற இடத்தில்தான் அதற்கு வேலை. அளவு வந்ததும் மோட்டாரை நிறுத்துகிற அழுத்த சுவிட்சின் நட்டைத் திருகி 150-க்கு ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் அவரை அந்த மெஷின் பக்கமே விடாதீர்கள்.

கேட், பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை கற்றுக்கொள்கிறேன். 24 லிட்டர், 1 எச்.பி. மெஷினில் ஸ்ப்ரே கன் ஓட்டினால் பாதியில் காற்று குறைகிறது. மெஷின் பழுதா?
– பர்கூர் இளைஞர்

மெஷினில் பழுது ஒன்றும் இல்லை. உங்கள் கன் கேட்கிற காற்று அதிகம், மெஷின் தருவது குறைவு, அவ்வளவுதான். டயருக்குக் காற்றுப் பிடிப்பது என்றால் நின்று நின்று எடுக்கிறோம். ஸ்ப்ரே கன் விடாமல் குடிக்கும். சின்ன கன்னுக்கே நாலைந்து சி.எஃப்.எம். வேண்டும், எச்.வி.எல்.பி. (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடுவது) என்று விற்கிற கன்னில் பல எட்டு, பத்துக்கு மேல் கேட்கும். கன் வாங்கும்போது அதன் தேவையைக் கேட்டு வாங்குங்கள். இப்போதைக்கு, சின்ன நாசில் உள்ள கன்னை மாற்றிக்கொண்டு, ஒரு பக்கம் அடித்துவிட்டு டேங்க் ஏறும் வரை பொறுத்து, அடுத்த பக்கம் அடியுங்கள். பீரோவின் ஒரு கதவைப் பாதியில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கோடு தெரியும்.

இன்னொன்று, ஹோஸில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம் போடுங்கள். காற்றோடு ஒரு துளி தண்ணீரோ ஆயிலோ வந்தால் பெயின்டில் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விழும். தின்னர் வாசம் போகிற மாதிரி திறந்த இடத்தில், அதற்கான மாஸ்க் போட்டு அடியுங்கள். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. நீங்கள் சின்ன வயது, நுரையீரல் இன்னும் ஐம்பது வருடம் உழைக்க வேண்டும். மெஷினைத் தூரத்தில் வையுங்கள். அது இழுக்கிற காற்றில் தின்னர் ஆவி போகக் கூடாது, சுவிட்சில் ஒவ்வொரு முறையும் பொறி வரும் என்பதை மறக்காதீர்கள்.

பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைக் கழற்றி, ஒரு காலி சிலிண்டரோடு சேர்த்து வீட்டிலேயே காற்று மெஷின் செய்யலாமா? வீடியோவில் சுலபமாகச் செய்கிறார்கள்.
– போச்சம்பள்ளி, பாலிடெக்னிக் மாணவர்

உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது தம்பி. அந்த ஆர்வத்தை வேறு மாதிரிக் காட்டுங்கள். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் மூடிய சட்டிக்குள் வாயு சுற்றிச் சுற்றி வருவதற்காகச் செய்தது. அதில் இருக்கும் ஆயில் வாயுவோடு போய் வாயுவோடே திரும்பி வரும். காற்றுக்குப் போட்டால் ஆயில் வெளியேறிக்கொண்டே இருக்கும், திரும்பாது, கடைசியில் இறுகிவிடும். புதிய ஃபிரிட்ஜ் பலவற்றில் இருப்பது தீப்பிடிக்கிற வாயு, நீங்கள் குழாயை வெட்டும்போதே ஆபத்து. இவ்வளவும் செய்து கிடைக்கிற காற்றோ, ஒரு சைக்கிள் பம்ப்பில் பையன் அடிக்கிற அளவுதான்.

எனக்குப் பெரிய பயம் அந்த சிலிண்டர்தான். அதில் அழுத்த சுவிட்ச் இல்லை, சேஃப்டி வால்வ் இல்லை. நிறுத்த மறந்துவிட்டு டீ குடிக்கப் போனால் என்ன ஆகும்? கடையில் விற்கிற டேங்கில் ஒரு சின்ன வளையம் தொங்கும் பாருங்கள், அதுதான் சேஃப்டி வால்வ். சுவிட்ச் நிற்காமல் போனாலும் அது திறந்து காற்றை வெளியே விடும். மாதம் ஒருமுறை அந்த வளையத்தை இழுத்துப் பார்க்க வேண்டும், சீறிவிட்டுத் திரும்ப மூட வேண்டும். கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமென்றால், பழுதான சின்னக் கம்ப்ரசர் ஒன்றை வாங்கி அதன் தலையைப் பிரித்து வால்வுத் தகட்டைப் பாருங்கள். பிளேடு மாதிரி மெல்லிசான இரண்டு தகடுதான் மொத்த வேலையையும் செய்கிறது.

சுவிட்ச் போட்டால் 'உம்ம்' என்று முனகுகிறது, சுற்றவில்லை. டேங்கில் காற்று இல்லாதபோது சரியாக ஓடுகிறது. மெக்கானிக் மோட்டாரைச் சுற்ற வேண்டும் என்கிறார்.
– மாரண்டஅள்ளி

காயில் சுற்றக் கொடுக்கும் முன் இந்த நாலையும் பார்த்துவிடுங்கள். காசு மிச்சமாகும்.

கம்ப்ரசர் ஓடி, அளவு வந்து நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஒரு நொடிதான் வரும். பிஸ்டன் தலையிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே விடுகிற சத்தம் அது. அன்லோடர் என்பார்கள். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் அடுத்த முறை மோட்டார் கிளம்பும்போது தலைக்கு மேல் எட்டு பார் காற்றை வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பாவம், முடியாது, முனகும். உங்களுக்குக் காலி டேங்கில் ஓடி, காற்றிருக்கும்போது ஓடாததால் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான். மாறாக, நின்ற பிறகும் 'ஸ்ஸ்ஸ்' என்று விடாமல் கசிந்துகொண்டே இருந்தால், டேங்க் வாயில் காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கிற செக் வால்வில் குப்பை சிக்கியிருக்கும், கழற்றித் துடைத்தால் சரி. இரண்டையும் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, டேங்கை முழுசாகக் காலி செய்துவிடுங்கள்.

அடுத்தது ஓல்ட்டேஜ். சாயந்திரம் உங்கள் பக்கம் 180-க்கு இறங்குமானால் எந்த மெஷினும் முனகத்தான் செய்யும். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஓட்டாதீர்கள்.

மூன்றாவது எக்ஸ்டென்ஷன் ஒயர். இதில்தான் பத்தில் ஆறு பேர் மாட்டுகிறார்கள். டி.வி.க்கும் டேபிள் ஃபேனுக்கும் வாங்கிய மெல்லிய ஒயரை முப்பது அடி இழுத்து 2 எச்.பி. மோட்டாரைப் போடுவது. கிளம்பும் நொடியில் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மெல்லிய ஒயரில் அது வந்து சேராது, ஒயர் சூடேறி ரப்பர் வாசம் வரும். சமையலறையில் கிரைண்டருக்கு இருக்கிற மாதிரி 16 ஆம்பியர் பெரிய பிளக்கில் நேரடியாகப் போடுங்கள். வண்டி தூரத்தில் நின்றால் ஒயரை நீட்டாமல் காற்று ஹோஸை நீட்டுங்கள். ஹோஸ் ஐம்பது அடி நீண்டாலும் டயருக்கு ஒன்றும் குறையாது.

கடைசியாக கபாசிட்டர். மேலே முட்டை மாதிரி உப்பியிருந்தால் மாற்றுங்கள், சின்னச் செலவுதான். கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும், அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள்.

இந்த நாலும் சரியாக இருந்தும் முனகினால் அப்புறம் காயிலைப் பார்க்கலாம்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். சத்தம் குறைவாக எது?
– ஓசூர்

மோட்டார் வேகத்தைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்றால் காதைக் கிழிக்கும், 1,400 என்றால் பேசிக்கொண்டே வேலை செய்யலாம். அடியில் ரப்பர் பாய் போடுங்கள். காற்றுப் பிடிப்பது மட்டும்தான் வேலை என்றால் பாலக்கோடு தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒன்றரை வருடம்தான் ஆகிறது, டேங்கின் அடியில் ஊசி முனை அளவு ஓட்டை. கம்பெனியை ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டிக்கொண்டிருக்கிறேன். வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா?
– கிருஷ்ணகிரி

வெல்டிங் வைக்காதீர்கள். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் அதைச் சுற்றிலும் தகடு காகிதமாகியிருக்கிறது. வெல்டர் அந்தப் புள்ளியை மூடுவார், பக்கத்தில் இருக்கும் மெல்லிய இடம் அப்படியேதான் இருக்கும். ஓட்டை விழுந்தது உங்கள் நல்ல நேரம். ஓட்டை விழாமல் கிழிந்திருந்தால்?

சரி, ஏன் விழுந்தது? ஒரு கேள்வி கேட்கிறேன், இந்த ஒன்றரை வருடத்தில் டேங்குக்கு அடியில் இருக்கிற திருகை எத்தனை முறை திறந்தீர்கள்? கடைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்டால் பாதிப் பேர், "அப்படி ஒரு திருகு இருக்கா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

நாம் இழுக்கிற காற்றில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. அதை எட்டு மடங்கு நெருக்கி, அப்புறம் டேங்கில் ஆறவிட்டால் அந்த ஈரம் தங்க இடமில்லாமல் தண்ணீராகக் கீழே இறங்கும். 24 லிட்டர் டேங்கை ஒருமுறை நிரப்பினால் இறங்குவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவுதான். ஆனால் வாரத்துக்கு நாலு முறை, வருடம் முழுக்க? அது எங்கேயும் போகாது. அடியில் தேங்கி, இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். போன ஐப்பசியில் ஒருவர் கொண்டுவந்த மெஷினில் அந்தத் திருகைத் திறந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை, துரு அடைத்திருந்தது. ஒரு கம்பியால் குத்தினேன். டீக்கடைப் பாத்திரத்தின் அடியில் நிற்கிற டிகாஷன் மாதிரி கருஞ்சிவப்புத் தண்ணீர், இரண்டு டம்ளருக்கு மேல் வந்தது. கடைசியில் தகடு தகடாகத் துரு விழுந்தது. அவருடைய பேத்தி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் சைக்கிளுக்குத்தான் அந்த மெஷினில் காற்றுப் பிடிப்பாராம். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள். கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும்போதே கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, அந்தத் திருகைக் கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். காற்றே தண்ணீரைத் தள்ளிவிடும். வெறும் காற்று மட்டும் வரும் வரை விட்டு, திறந்தபடியே வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த முறை மூடிக்கொண்டு ஓட்டலாம். இவ்வளவுதான், அரை நிமிட வேலை. இதைச் செய்யும் ஒரு டேங்க் என் கடையில் பதினான்கு வருடமாக இருக்கிறது.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களும் முதலில் இந்தத் திருகைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் புதுசாக அடித்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு சின்ன ஸ்பேனரால் டேங்கின் மேல் பக்கமும் அடிப்பக்கமும் தட்டிக் கேளுங்கள். மேலே கணீர் என்றும் கீழே பொத்தென்றும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தட்டும்போது டேங்கில் காற்று இருக்கக் கூடாது.

ஷெட்டில் சுவர் ஓரமாக பி.வி.சி. பைப்பில் காற்று லைன் போடலாமா? மிச்சம் கிடக்கிறது.
– இராயக்கோட்டை

கூடாது. தண்ணீர்க் குழாயில் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். காற்றுக் குழாயில் பி.வி.சி. உடைந்தால் கண்ணாடி மாதிரி துண்டு துண்டாகப் பறக்கும். ஜி.ஐ. பைப் போடுங்கள், இல்லையென்றால் நல்ல ரப்பர் ஹோஸே போதும். மிச்சமிருக்கிற பி.வி.சி.யைத் தக்காளித் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் தொப்பூர் கணவாய் வழியாக அடிக்கடி சேலம் போகிறேன். டயர் சூடேறி வெடிக்காமல் இருக்க காற்றை ஐந்து பாயிண்ட் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நைட்ரஜன் போட்டால் நல்லதா?
– தருமபுரி

குறைக்கவே கூடாது. காற்று குறைந்த டயர்தான் அதிகம் சூடேறும். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து நிமிர்கிறது, அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. காலையில் டயர் ஆறியிருக்கும்போது ஸ்டிக்கரில் உள்ள அளவை வையுங்கள். ஹைவேயில் ஓடிய பிறகு அதுவே மூன்று, நான்கு பாயிண்ட் ஏறிக் காட்டும். அது இயற்கை, வழியில் நிறுத்தி அதை இறக்காதீர்கள். தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் கியரிலேயே இறங்குங்கள். நைட்ரஜன் போட்டால் தப்பில்லை, சும்மா கிடைக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இருக்கிற காற்றை மாதம் இரண்டு முறை பார்த்தாலே போதும்.

என் பையனும் அவன் நண்பர்களும் வேலை முடிந்ததும் ஏர் கன்னால் ஒருவர் சட்டையை ஒருவர் ஊதி விளையாடுகிறார்கள். வெறும் காற்றுதானே என்கிறான். எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது.
– அரூரிலிருந்து ஒரு தாய்

உங்கள் பயம் சரியான பயம் அம்மா. இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, வெளியூரில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். என் வயதுப் பையன் ஒருவன், சுட்டுவிரலில் சின்ன வெட்டு. இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறது என்று ஏர் கன்னை அந்த வெட்டின் மேல் வைத்து ஒரே ஒரு முறை அமுக்கினான். ஐயோ என்று ஒரு சத்தம். சாயந்திரத்துக்குள் புறங்கை பன் மாதிரி உப்பிவிட்டது. மேலே விரலால் அமுக்கிப் பார்த்தேன், தோலுக்கு அடியில் மணல் நறநறப்பது மாதிரி இருந்தது. அது அத்தனையும் காற்று. ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்தான். கை தப்பியது. அந்த நறநறப்பு இன்றைக்கும் என் விரல் நுனியில் இருக்கிறது.

காற்று வெட்டு வழியாகத் தோலுக்கு அடியில் போகும், ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. காதில் பட்டால் செவிப்பறை கிழியும். கண்ணில் ஒரு துரும்பைச் செலுத்தினால் பார்வை போகும். விளையாட்டு என்று நினைத்து ஒருவனின் பின்பக்கம் குழாயை வைத்து ஊதி, குடல் கிழிந்து இறந்துபோன சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. ஊதினவன் நண்பன்தான், விரோதி இல்லை. அமெரிக்கத் தொழிற்சாலை விதியில், பொருளைச் சுத்தம் செய்ய ஊதுவதற்கே 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. வீட்டு மெஷின் 100-க்கு மேல் வைத்திருக்கிறது.

என் கடையில் சட்டையை ஊதிக்கொள்வது கிடையாது. ஆணியில் ஒரு பிரஷ் தொங்கும், அதால் தட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிற பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான், பஞ்சர் ஒட்டுவது இரண்டாவது நாள். வீட்டில் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கன்னை அமுக்கி ஹோஸில் இருப்பதையும் காலி செய்து, கன்னைத் தனியாக எடுத்துப் பீரோவில் வையுங்கள்.

என் இன்ஃப்ளேட்டர் 32 காட்டுகிறது, பங்கில் 28 என்கிறார்கள். எதை நம்புவது?
– மத்தூர்

இரண்டையும் முழுசாக நம்ப வேண்டாம். விலை குறைந்த மெஷினில் இரண்டு, மூன்று பாயிண்ட் தள்ளிக் காட்டுவது சகஜம், பங்கில் உள்ள கேஜும் கீழே விழுந்து அடிபட்டதாக இருக்கலாம். நல்ல டயல் கேஜ் ஒன்று தனியாக வாங்கி வைத்துக்கொண்டு, மற்றதை அதோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் மெஷின் எப்போதும் மூன்று கூடக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், மெஷின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் 'மூன்று கூடுதல்' என்று எழுதிவிடுங்கள், வீட்டில் வேறு யார் எடுத்தாலும் புரியும். ஒத்துப் பார்ப்பதை வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலை வெயில் டயரில் படும் முன் செய்யுங்கள். முதலில் நல்ல கேஜை வைத்துப் பாருங்கள், அப்புறம் மெஷினைப் பூட்டுங்கள். ஒவ்வொரு முறை பூட்டிக் கழற்றும்போதும் கொஞ்சம் காற்று போய்விடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.